மூலையில் போடாத குறி

சுல்தான்பேட்டை,
வில்லியனூர்,
4-7-1983

மதிப்பிற்குரிய பேராசிரியர் பலராமன் அவர்களுக்கு,

ஹபீப் முகமது எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌகரியம். தங்கள் வீட்டிலும் அப்படியே என்று நம்புகிறேன்.

தாங்கள் அனுப்பிய பயிற்சி மாணவி வெள்ளிக்கிழமை காலை எங்கள் பம்ப் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். வந்ததைத் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நான்காவது ஷரத்து. ஆகவே இந்தக் கடிதம். மற்றபடி தங்களுக்கு எழுத எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

இந்தத் திட்டம் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேனேஜர் குழந்தைவேல் மே மாதம் சென்னைக்கு வந்து தங்கள் பல்கலைக்கழகத்தோடு கையெழுத்திட்டுவிட்டார். பதினான்கு வருடமாக டிராயிங் ஆபீசுக்குத் தலைவனாக இருக்கும் எனக்கு, ஜூன் கடைசியில் ஒரு தட்டச்சுக் குறிப்பு வந்தது. எம்.இ. வடிவமைப்பு படிக்கும் ஒருவர் ஆறு மாதம் இங்கே இருந்து, ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து ஓட்டிக் காட்ட வேண்டுமாம். கம்பெனி நற்சான்று கொடுத்தால்தான் பட்டமாம். அந்த நற்சான்றில் கையெழுத்திட வேண்டியவன் நானாம்.

வேடிக்கைதான். எம்.இ. படிக்க எனக்குத் தகுதியில்லை என்று 1966-ல் எந்தப் பல்கலைக்கழகம் என்னைத் திருப்பி அனுப்பியதோ, அதே பல்கலைக்கழகத்தின் மாணவிக்குத் தகுதி உண்டா இல்லையா என்று இப்போது நான் எழுதித் தர வேண்டும்.

பெண்ணின் பெயர் செங்கமலம். ஊர் மண்ணாடிப்பட்டு. தகப்பனார் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. இதெல்லாம் தங்களுக்குத் தெரிந்திருக்கும். டவுன் பஸ் பிடித்து எட்டு மணிக்கே வந்துவிடுகிறார். வந்த முதல் நாளே என்னைக் கேள்வி கேட்டார்.

"பாகூர் பக்கம் ஓடற நம்ம பம்பெல்லாம் எதுக்கு சார் இவ்ளோ கனமா இருக்குது?"

"ரொம்ப நாளு உழைக்கணும்னுதான்" என்றேன்.

"ரெண்டு ஆளு சேந்து தூக்க முடியாத பம்பு, உழைச்சா இன்னா, உழைக்காட்டி இன்னா சார்?"

டிராயிங் ஆபீசில் நான்கு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
ஹபீப் முகமது


சென்னை,
12-7-1983

அன்பு ஹபீபுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருக்கோ வந்ததை நான் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய', 'தாங்கள்'. டேய், ஹாஸ்டலில் ஒரே பக்கெட்டில் நாலு வருடம் குளித்தவர்கள் நாம். கைருன்னிசாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள் என்றுகூட நீ எழுதவில்லை.

செங்கமலம் உன்னிடம் வந்தது அவள் அதிர்ஷ்டம். நான்தான் அவளை உன் கம்பெனிக்கு என்று கேட்டு வாங்கிப் போட்டேன். உன்னை மாதிரி டிராயிங் போட இந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றைக்கும் ஆள் இல்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்துக்கு இதுதான் முதல் வருடம். ஐந்து கம்பெனி, ஐந்து மாணவர்கள். ஒன்று தவறினாலும் பிப்ரவரியில் கமிட்டி கூடி மூடிவிடும். மூடுவதற்கென்றே இங்கே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கோ டிசம்பரோடு உதவித்தொகை நிற்கிறது. இன்னொரு வருடம் படிக்கவைக்க அவள் அப்பாவால் முடியாது. மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. பட்டம் வராவிட்டால் மாசியிலேயே கல்யாணம் என்று பேச்சாம். பட்டம் வந்தால் இங்கேயே விரிவுரையாளர் வேலைக்கு நான் சிபாரிசு செய்வேன்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள். 1966-ஐ விடு. பழைய கதை.

உன்,
பலராமன்


வில்லியனூர்,
28-8-1983

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

கைருன்னிசாவும் பிள்ளைகளும் நலம். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

வேலை நடக்கிறது. ஆழமில்லாத போர்க்கிணறுகளுக்கு ஏற்ற சிறிய பம்ப் ஒன்றை அந்தப் பெண் வடிவமைத்திருக்கிறார். உள்ளே சுழலும் சக்கரம் எங்கள் பழையதே. அதைச் சுற்றியிருக்கும் இரும்பு உடல் மட்டும் புதிது. எடை பாதிக்குப் பாதி குறைகிறது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதை நன்றாக இல்லை என்று எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

மரத்தில் அச்சு செய்யும் சாமிக்கண்ணுவிடம் வரைபடம் போயிருக்கிறது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னாம்மா, பம்பு வரையச் சொன்னா நத்தைய வரைஞ்சிகினு வந்துக்கற?" என்றார்.

"நத்ததான் அண்ணே. வாயி மட்டும் கொஞ்சம் பெருசு."

"உன்ன மாரியா?"

இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது.

எங்கள் ஆபீசில் சரிபார்க்கும் முறை தங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு அளவையும் தனித்தனியே பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கோடு விழுந்த பிறகு கையெழுத்து. 19-ந் தேதி அந்த வரைபடத்தில் நூற்றுப் பதினோரு அளவுகளுக்குக் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். அளவுகளில் ஒரு பிழையும் இல்லை. இதை எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

'1966-ஐ விடு, பழைய கதை' என்று எழுதியிருக்கிறீர்கள். கதை என்றால் முழுதாகச் சொல்லிவிடலாம். நாம் பி.இ.யில் சேர்ந்து செய்த வேலை, பாகூர் ஏரி வாய்க்காலுக்கு ஓர் இறைப்புப் பம்ப். கணக்கு நீங்கள், வரைபடம் முப்பத்திரண்டும் நான். நான்கு வருடம் கழித்து எம்.இ. நேர்முகத்துக்கு அந்த வரைபடங்களைத்தான் கொண்டுவந்தேன். நீங்கள் அங்கே உதவி விரிவுரையாளராக, காகிதங்களை எடுத்துக் கொடுத்தபடி நின்றீர்கள். துறைத் தலைவர் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்து, "இதெல்லாம் நீ வரைந்ததுதானே, பலராமன்?" என்று கேட்டார். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் அடுத்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தீர்கள்.

நான் வரைந்தது என்று நானே சொன்னேன். அவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் கதை. பழையதுதான்.

ஹபீப் முகமது


வில்லியனூர்,
3-10-1983

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நல்ல செய்தி இல்லை.

சனிக்கிழமை சோதனை ஓட்டம். பாங்க் ஏஜென்ட், விவசாய இலாகா அதிகாரி, பாகூரிலிருந்து நாலைந்து பெரிய விவசாயிகள் எல்லோரையும் மேனேஜர் வரவழைத்திருந்தார். அந்தப் பெண்ணின் தகப்பனாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். சுவிட்சைப் போட்டதும் பம்ப் உறுமியது. குழாயில் தண்ணீர் ஒரு முழம் ஏறியது, நுரைத்தது, நின்றது. மறுபடி போட்டார்கள். அதே ஒரு முழம்.

பாகூர்க்காரர் ஒருவர், "இன்னாபா, எச்சி துப்புது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தகப்பனாரும் கூடச் சிரித்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. உடலின் வளைவு இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்த மாதிரி. சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தண்ணீர் போகும் வழி எதிர்ப்பக்கம் வளைகிறது. பொருத்திய ஆட்கள் குழாயின் வாய் வேறு பக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். புது டிசைன் அப்படித்தான் போல என்று விட்டுவிட்டார்கள். இந்த அச்சில் வார்த்த பன்னிரண்டு உடலும் வீண்.

எப்படி நேர்ந்தது என்பது தங்களுக்கு உடனே விளங்கும், ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பொருளை முன்னாலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம் வரைகிறோம். பக்கப் படத்தை எங்கே வைப்பது என்பதில் இரண்டு வழக்கம். எங்கள் கம்பெனி, பழைய பிரெஞ்சு மில்லின் வரைபடங்களைப் பார்த்து வளர்ந்தது. வலப்புறமிருந்து பார்த்த படத்தை இடப்புறம் வைப்போம். தங்கள் பல்கலைக்கழகத்தில் வலப்புறம் பார்த்ததை வலப்புறமே வைக்கச் சொல்லித் தருகிறீர்கள். எந்த வழக்கம் என்று தெரிய, வரைபடத்தின் கீழ் மூலையில் ஒரு சிறு குறி போட வேண்டும். அந்தப் பெண் தங்கள் வழக்கப்படி வரைந்திருக்கிறார், குறி போடவில்லை. சாமிக்கண்ணு எங்கள் வழக்கப்படி படித்தார்.

ஏன் குறி போடவில்லை என்று மேனேஜர் கேட்டார்.

"இங்க எந்த டிராயிங்லயும் குறி இல்ல சார். இங்க போடற வழக்கம் இல்லன்னு நெனச்சன்."

"எங்களுக்கு எதுக்குக் குறி? நாங்க எல்லாரும் ஒரே மாரி வரையறம். நீதான் வெளியிலேர்ந்து வந்தவ."

அந்தப் பெண் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

மேனேஜர் முடிவு செய்துவிட்டார். இம்மாதம் 31-ந் தேதி பயிற்சி ரத்து. நற்சான்றுக்குப் பதில், அடிப்படை விதி தெரியாதவர் என்று ஒரு குறிப்பு பல்கலைக்கழகத்துக்கு வரும். அடுத்த வருடம் எங்களுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம்.

எம்.இ. என்பது எவ்வளவு பெரிய படிப்பு என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹபீப் முகமது


சென்னை,
9-10-1983

ஹபீபுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே செங்கமலம் இங்கே வந்துவிட்டாள். அழவில்லை. நீ மஞ்சள் பென்சிலால் சரிபார்த்த பிரதியை என் மேசையில் விரித்து, "தப்பு என்மேலதான் சார், ஆனா பம்பு தப்பில்ல. கணக்க மட்டும் பாருங்க" என்றாள். கணக்கைப் பார்த்தேன். பம்ப் தப்பில்லை.

அவள் போன பிறகு வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பதினோரு மஞ்சள் கோடு. எல்லாம் உன் கோடு, ஒரே நீளம், ஒரே சாய்வு. கீழ் மூலையில், குறி இருக்க வேண்டிய வெற்றிடத்தில், ஒரு மஞ்சள் புள்ளி.

அங்கே அளவு எதுவும் இல்லை. கோடு போட அங்கே என்ன இருக்கிறது? பென்சில் அங்கே வந்திருக்கிறது, தொட்டிருக்கிறது, நின்றிருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. அதற்குப் பிறகு கையெழுத்து.

நம் முப்பத்திரண்டு வரைபடத்திலும் முதலில் குறியைப் போட்டுவிட்டுத்தான் நீ கோட்டையே தொடுவாய். நான் கேலி செய்வேன். நீ பார்க்காமல் விட்டாய் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

நீ கேட்காமலே ஒன்று சொல்கிறேன். 1966-ல் தலைவர் என்னைக் கேட்டபோது எனக்குக் காது கேட்டது. இல்லை, ஹபீப் வரைந்தது என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அவர் பேச்சை மறுத்தால் ஆகாமலே போய்விடும் என்று பயந்தேன். உன் இடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்துக்கொண்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லத் தெரியவில்லை. பழைய கதை என்று உனக்கு எழுதியிருக்கக் கூடாது.

அதற்கான கோபத்தை என்மேல் காட்டு. கமிட்டி திட்டத்தை மூடட்டும், என்னைக் கேள்வி கேட்கட்டும். அந்தப் பெண்ணை விட்டுவிடு. குழந்தைவேலுக்கு ஒரே ஒரு வரி எழுது. 'சரிபார்க்கும்போது என் கவனத்துக்கும் தப்பிவிட்டது' என்று எழுதினால் போதும். இருவர் தவறு என்றால் அவளை அனுப்ப மாட்டார்கள். அந்தப் புள்ளியைப் பற்றி நான் யாரிடமும் பேச மாட்டேன்.

31-ந் தேதிக்குள்.

பலராமன்


வில்லியனூர்,
14-10-1983

பேராசிரியர் அவர்களுக்கு,

பென்சில் நழுவினால் புள்ளி விழும். அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மனதில் இருப்பதைப் படிக்க எந்தப் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறார்கள்?

என் வேலை அளவுகளைச் சரிபார்ப்பது. சரிபார்த்தேன். தங்கள் மாணவிக்கு எது தெரியும், எது தெரியாது என்பது தங்கள் பொறுப்பு.

பதினேழு வருடம் கழித்து மன்னிப்புக் கேட்க நேரம் கிடைத்தது, அதுவும் என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கும்போது. நல்ல சௌகரியம்.

எதுவும் எழுதப்போவதில்லை.

ஹபீப் முகமது


வில்லியனூர்,
30-10-1983

பலராமனுக்கு,

நேற்று முன்தினம் செங்கமலம் டிராயிங் ஆபீசுக்கு வந்தாள். கம்பெனி கொடுத்த கருவிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். ஏதாவது சண்டை போடுவாள், அதற்கு என்ன சொல்லலாம் என்று நான் தயாராக இருந்தேன்.

"உங்க கையெழுத்து போட்ட டிராயிங்கு பதினாலு வருஷத்துல ஒண்ணுகூட கெட்டதில்லன்னு சாமிக்கண்ணு அண்ணன் சொன்னாரு சார். என்னாலதான் கெட்டுப்போச்சி. எம்மேல கோவம் வச்சிக்காதீங்க சார்" என்றாள்.

அதற்கு நான் தயாராக இல்லை.

"நான் பாத்தன்மா" என்றேன்.

"இன்னா சார்?"

"அந்த மூலையில குறி இல்லன்றத. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே பாத்தன். நீ எந்த வழக்கத்துல வரைஞ்சிருக்கன்றதும் எனக்குத் தெரியும். சாமிக்கண்ணு எப்படிப் படிப்பாருன்றதும் தெரியும்."

"பாத்துட்டு சொல்லலியா?"

"சொல்லல."

"நா உங்களுக்கு இன்னா சார் பண்ணன்?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணல."

"பத்து நிமிஷ வேல சார் அது. சொல்லியிருந்தா அங்கியே நின்னு போட்டுட்டுப் போயிருப்பன்."

பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

19-ந் தேதி வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போகும் அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். என்னிடம் நானே இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்தேன். அது பொய், அதிலும் தொழுகையை இழுத்துச் சொல்லும் பொய். பென்சிலை அங்கே வைத்தேன். குறி இல்லை என்று பார்த்தேன். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் அந்தப் பக்கம் நின்று யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தாள். உன் ஞாபகம் வந்தது. போகட்டும், இவர்கள் எம்.இ. என்ன லட்சணம் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டு வார்ப்பும் ஆகி, சோதனை நாள் வரும் வரை தினமும் அவளுக்குக் காலை வணக்கம் சொன்னேன்.

இதையெல்லாம் எழுதி நேற்று குழந்தைவேலிடம் கொடுத்தேன். நீ சொன்ன வரியை எழுதவில்லை. கவனத்துக்குத் தப்பியது என்று எழுத என்னால் முடியவில்லை. தப்பவில்லை. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத உங்கள யாரும் கேக்கலியே பாய்."

"கேக்கலங்க."

"கிழிச்சிப் போட்டுடட்டுமா?"

"வேணாங்க. அந்தப் பொண்ண அனுப்பாதீங்க."

டிராயிங் ஆபீசிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றியிருக்கிறார். அது போகட்டும், கதவுக்கு வெளியே அனுப்பாமல் விட்டது அவர் குணம். செங்கமலத்தின் பயிற்சியை ஜனவரி கடைசி வரை நீட்டித்துக் கம்பெனிக் கடிதம் நாளை உனக்குத் தபாலில் கிளம்பும். ஜனவரிக்கு உதவித்தொகை இல்லாததால் அந்த ஒரு மாதம் கம்பெனியே அவளுக்குச் சம்பளம் கொடுக்கும். புது அச்சில் பம்ப் ஓடும். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கமிட்டியில் யாராவது கேட்டால் என் கடிதத்தின் நகலைக் காட்டு. இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரை மறைக்க வேண்டாம்.

நற்சான்றில் மேனேஜர் கையெழுத்திடுவார். என் கையெழுத்து வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாளாம்.

1966 பற்றி நீ எழுதியதை நாலு முறை படித்தேன். பயந்தேன் என்கிறாய். இருக்கலாம். நான் அந்த வெள்ளிக்கிழமை பயப்படக்கூட இல்லை. நான் செய்தது உன்னுடையதைவிட மோசம் என்று எனக்குத் தெரிகிறது. அதனால் உன்னுடையது சிறியதாகிவிடும் என்று பார்த்தேன், ஆகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பொய்யாக ஒன்றை எழுதி அனுப்ப இந்த வாரம் எனக்குத் தெம்பில்லை. அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு வந்துவிடும்.

இனிமேல் எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாமிக்கண்ணு புது அச்சுக்கு மரம் அறுக்கிறார். வரைபடத்தைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள், ஸ்டோரில்தான் இருப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். வர வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செங்கமலம் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

சரி என்றேன்.

ஹபீப்